435-ம் 100-ம் 535தானே, 538 எப்படி?

அமெரிக்க அதிபரைத் தேர்ந்தெடுக்கும் எலக்டோரல் ஓட்டுகள் (மாநிலங்களின் சார்பில் தேர்வாளர்கள் போடும் ஓட்டுகள்) மொத்தம் 538 எப்படி வந்தது என்று உங்கள் மகளுக்குச் சந்தேகம் என்று கேட்டிருந்தீர்கள். விடுபட்ட 3 ஓட்டும் தலைநகர் வாஷிங்டன் டி.சி.யுடையவை. பிரதிநிதிகள் சபை 435, செனட் 100 என்று உங்கள் மகள் போட்ட கூட்டல் சரிதான். டி.சி. மாநிலம் இல்லை, அதனால் அந்தக் கூட்டலில் வராது. 1961-இல் வந்த 23-வது அரசியலமைப்புத் திருத்தம்தான் அந்த ஊர்க்காரர்களுக்கு அதிபர் தேர்தலில் ஓட்டு கொடுத்தது.

பாடத்தில் "எலக்டோரல் ஓட்டுகள் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர் எண்ணிக்கைக்குச் சமம்" என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பித்திருக்கும்.

ஒரு மாநிலத்துக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கலிஃபோர்னியா: பிரதிநிதிகள் 52 + செனட்டர்கள் 2 = 54. வயோமிங்: 1 + 2 = 3. மக்கள்தொகை மிகக் குறைந்த மாநிலத்தைவிட டி.சி.க்கு அதிக ஓட்டு கூடாது என்று திருத்தமே சொல்கிறது.

அப்புறம், கலிஃபோர்னியாவுக்கு 54 என்பது 2028 தேர்தல் வரைக்கும்தான். 2030 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு மாறலாம். டி.சி.க்கு இன்றும் செனட்டர் கிடையாது. அது அநியாயம் என்றே நினைக்கிறேன்.