புயலைத் துரத்துவோர் எந்தப் பக்கம் நிற்பார்கள்?

கனடாவின் சஸ்காச்சுவன் மாகாணப் புல்வெளியில் பெரும்பாலும் புயலுக்குத் தென்கிழக்கில். சூப்பர்செல் எனும் சுழலும் பெரிய இடிமேகம் அங்கே வழக்கமாகக் கிழக்கு, வடகிழக்காக நகரும். சுழல்காற்று (டொர்னேடோ) இறங்குவது அதன் தென்மேற்கு ஓரத்தில், மழையில்லாத தட்டையான அடிப்பகுதிக்குக் கீழே. தென்கிழக்கில் நின்றால் மழைத்திரை மறைக்காது. தெற்கே தப்பவும் வழியிருக்கும். வடக்கிலிருந்து மழைக்குள் புகுந்து போகவே கூடாது. முதலில் பெருந்துளி, பிறகு கோல்ஃப் பந்தளவு ஆலங்கட்டி. முன்கண்ணாடி நொறுங்கிய பிறகுதான் சுழலே கண்ணில் படும்.

வரைபடத்தில் சாலை இருக்கிறதே என்று நம்பாதீர்கள். சரளை போடாத மண்சாலை ஒரு மழையிலேயே களிச்சேறாகி டயரின் பள்ளங்களை அடைத்துவிடும்.

தூரமும் முக்கியம். 2013 மே 31-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து எல் ரெனோவில் சுழல் 4.2 கி.மீ. அகலத்துக்கு விரிந்து, திசையும் மாறியது. புயல் துரத்துவதில் அனுபவமிக்க டிம் சமராஸ் குழுவினர் மூவரும் இறந்தார்கள்.