பழைய வாட்ச்: ஒரிஜினலா, என்ன பெறும்?

கே: அண்ணா, ஆன்லைனில் ஹெச்எம்டி பைலட் ஒன்று பார்த்தேன். மஞ்சள் டயல், ஒரு கீறல் இல்லை. “பழைய ஸ்டாக், யாரும் கட்டாதது” என்கிறார்கள். வாங்கலாமா?

ப: அவசரப்படாதே தம்பி. பைலட்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கறுப்பு டயல். ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி துணையோடு 1961இல் பெங்களூரில் தொடங்கிய ஹெச்எம்டி வாட்ச் பிரிவை மூட 2016இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்துவிட்டது. இப்போது ஒரே ஆளிடம் பத்து நிறத்தில் பைலட் இருந்தால், பழைய மெஷினில் புது பெயிண்ட் டயல் போட்டிருக்கிறார்கள் என்றே நினைத்துக்கொள். டயலைப் பெரிதாகப் படம் எடுத்து அனுப்பச் சொல். பெயிண்ட் டயலில் ‘பாரா ஷாக்’ (அதிர்ச்சி தாங்கும் என்று அர்த்தம்) என்ற எழுத்துகள் தடித்து, ஓரம் கசிந்த மாதிரி இருக்கும். நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு நேராகச் சேராது. முள் உட்காரும் நடு ஓட்டையைச் சுற்றிப் பெயிண்ட் வழிந்திருக்கும்.

கே: மெஷின் ஒரிஜினல்தானே, டயல் மாறினால் என்ன?

ப: கட்டிக்கொள்ள ஒரு குறையும் இல்லை. ஓடும் வாட்சுக்கு உள்ள விலை கொடுங்கள், போதும். சேகரிப்பவர் கொடுக்கும் விலையை அதற்குக் கேட்டால் மட்டும் தராதீர்கள்.

கே: ஐயா, அப்பா கட்டிய ஃபேவர் லூபா சீ சீஃப் என்ற ஸ்விஸ் வாட்ச் இருக்கிறது. டயலில் பழுப்புக் கறை. கடைக்காரர் டயலைப் புதுசாக்கி, கேஸையும் (வெளி உலோகக் கூட்டையும்) பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?

ப: வேண்டாம் அம்மா, தயவுசெய்து வேண்டாம். கறை படிந்தாலும் அது கம்பெனி அச்சடித்த டயல். ஒருமுறை சுரண்டிப் பெயிண்ட் அடித்தால் திரும்ப வராது. வாட்சின் மதிப்பில் பெரும்பங்கு அதோடு போய்விடும். பாலிஷும் அப்படித்தான். ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளின் விளிம்பு கூர்மையாக இருந்தால்தான் விஷயம் தெரிந்தவர் கையில் எடுப்பார். பாலிஷில் அது சப்பிய கல்கண்டு மாதிரி மழுங்கிவிடும். மெஷினைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் போடச் சொல்லுங்கள், கண்ணாடி மாற்றச் சொல்லுங்கள். கண்ணாடி மாறினால் மதிப்பு குறையாது. கிரவுன் (பக்கத்தில் திருகும் குமிழ்) மாற்ற வேண்டி வந்தால் பழையதைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

கே: சீகோ 5 வாட்ச் எந்த வருடத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: பின்மூடியில் பெரும்பாலும் ஆறு இலக்க சீரியல் நம்பர் இருக்கும். முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், அடுத்தது மாதம். அக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. ‘8என்’ என்று தொடங்கினால் நவம்பர். 1978ஆ 1988ஆ என்பதை மெஷின் நம்பரை வைத்து முடிவு செய்ய வேண்டும். பின்மூடியில் மெஷின் நம்பர் 7009 என்று இருந்து, டயலின் அடி ஓரத்தில் பொடி எழுத்தில் 6309 என்று இருந்தால் இரண்டு வாட்சைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். டயலில் அந்த நம்பரே காணோம் என்றால் அது பெரும்பாலும் பெயிண்ட் டயல்.

கே: துபாயிலிருந்து மாமா ரோலெக்ஸ் சப்மரீனர் கொண்டுவந்தார். பின்பக்கம் கண்ணாடி, மெஷின் சுழல்வது தெரிகிறது. விநாடி முள்ளும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

ப: டூப்ளிகேட், சந்தேகமே இல்லை. சப்மரீனருக்குக் கண்ணாடிப் பின்மூடி கம்பெனி போட்டதே கிடையாது. முள் வழுக்கி ஓடுவதை வைத்து நம்பாதீர்கள். மலிவான ஆட்டோமேட்டிக்கிலும் (கை அசைவில் தானே சாவி ஏறும் வாட்ச்) அப்படித்தான் ஓடும். மாமாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அவரையும் யாரோ ஏமாற்றியிருக்கலாம்.

கே: தொண்ணூறுகளில் வாங்கிய டைட்டன் குவார்ட்ஸ் விலை போகுமா?

ப: சாதாரண மாடல் என்றால் பெரிதாகப் போகாது. முதலில் தீர்ந்த பேட்டரியை எடுத்துவிடுங்கள், ஒழுகி மெஷினைத் தின்றுவிடும்.

கே: ஒரு வாட்சுக்கு நியாய விலை எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ப: அதே மாடல், அதே நிலையில் என்ன விலைக்கு விற்று முடிந்தது என்று தேடுங்கள். விளம்பரத்தில் போட்டிருப்பது விற்பவரின் ஆசை மட்டும்தான். பணம் அனுப்பும் முன் பின்மூடியைத் திறந்து மெஷின் படம் கேளுங்கள். தர மாட்டேன் என்றால் அந்த வாட்சை விட்டுவிடுங்கள்.