இரண்டு பட்டம், ஒரு படிப்பு

அன்புள்ள ஐயா,

மகள் ஐந்தாம் படிவத்தின் எஸ்பிஎம் தேர்வை முடித்து, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஃபவுண்டேஷன் படிக்கிறாள். போன வாரம் கல்விக் கண்காட்சிக்குப் போனோம். மூன்று வருடம் இங்கேயே படித்தால் உள்ளூர்ப் பட்டம் ஒன்று, இங்கிலாந்துப் பட்டம் ஒன்று, இரண்டும் கிடைக்கும் என்கிறார்கள். அவளுக்கு ஒரே ஆசை. ஒரு படிப்புக்கு எப்படி இரண்டு பட்டம்? இது ஏமாற்றா? அரசின் பிடிபிடிஎன் கல்விக் கடன் கிடைக்குமா?

ஒரு வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

ஏமாற்று இல்லை. பாடத்திட்டத்தை இரண்டு பல்கலைக்கழகங்களும் ஒப்புக்கொண்டு, படித்து முடித்ததும் ஆளுக்கொரு சான்றிதழ் தருகின்றன. இங்கே சன்வே பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகமும் அப்படித்தான் தருகிறார்கள். ஆனால் படிப்பு ஒன்றுதான். அதில் நீங்கள் சந்தேகப்பட்டது சரி.

1996-ல் தனியார் உயர்கல்விச் சட்டம் வரும்வரை மலேசியாவில் தனியார் கல்லூரிகள் சொந்தமாகப் பட்டம் கொடுக்க முடியாது. அதனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்துகொண்டார்கள். ஒன்றிரண்டு வருடம் இங்கே, மிச்சம் அங்கே. அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காத நம் பிள்ளைகள் பலருக்கு அதுதான் வழி. அப்புறம் 1997 ஆசிய நிதி நெருக்கடி. டாலருக்கு இரண்டரை வெள்ளி (ரிங்கிட்) என்றிருந்ததை 1998 செப்டம்பரில் 3.80-ல் கட்டிப்போட்டார்கள். கடைசி வருடத்துக்குப் பிள்ளையை விமானம் ஏற்ற அப்பாக்களிடம் பணம் இல்லை. அப்போது வந்ததுதான் 3+0. மூன்று வருடமும் இங்கே, பட்டம் மட்டும் அங்கிருந்து.

நானும் அந்த 3+0 கூட்டம்தான். கல்லூரி ஒரு கடைவீட்டின் மூன்றாவது மாடியில் இருந்தது. மத்தியானமானால் கீழே மாமாக் உணவுக்கடையில் மீன் பொரிக்கும் வாசனை வகுப்புக்குள் வந்துவிடும். பட்டம் அட்டைக் குழாயில் கூரியரில் வந்தது. அம்மா அதற்குச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் "லண்டன் பட்டம்" என்பார். அந்தப் பல்கலைக்கழகம் லண்டனிலேயே இல்லை. நானும் இங்கிலாந்தைப் பார்த்ததில்லை. முதல் நேர்காணலில், "இதற்கு இங்கே அங்கீகாரம் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். விழித்தேன். கல்லூரியில் மூன்று வருடமும் "விண்ணப்பித்திருக்கிறோம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அதனால் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பான எம்கியூஏவின் பதிவேட்டை நீங்களே பாருங்கள். இணையத்தில் யாரும் பார்க்கலாம். கல்லூரியின் பெயர் இருந்தால் போதாது. அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. தற்காலிக அங்கீகாரமா, முழு அங்கீகாரமா என்பதையும் பாருங்கள். பிடிபிடிஎன் கடனும் இதைப் பொறுத்துத்தான். கிடைத்தாலும் தனியார் கட்டணம் முழுவதையும் பெரும்பாலும் தாங்காது, கையிலிருந்து போட வேண்டியிருக்கும். இரண்டாவது சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் உண்டா, அது வெள்ளியிலா பவுண்டிலா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கண்காட்சியில் சிரித்த முகத்தோடு சொன்னதெல்லாம் கணக்கில் வராது.

வேலையைப் பொறுத்தும் விஷயம் மாறும். சட்டம் என்றால், கையில் இங்கிலாந்துப் பட்டம் இருந்தாலும் வழக்கறிஞராக அங்கே பார் படிப்பை முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இங்கே சிஎல்பி தகுதித் தேர்வு எழுத வேண்டும். பொறியியல் என்றால் பொறியாளர் வாரியம் ஏற்கிற படிப்பா என்பதுதான் முதல் கேள்வி. வெளிநாட்டில் மேல்படிப்புக்குப் போகும் எண்ணம் இருந்தால் இரண்டாவது சான்றிதழ் உதவக்கூடும்.

ஒன்று கவனித்தேன். இரண்டு பட்டத்தைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டீர்கள், மகள் என்ன படிக்கப் போகிறாள் என்று மட்டும் எழுதவில்லை. அவளிடமே கேட்டு எழுதுங்கள்.