இருவருக்கான கணக்கு மட்டும் போதாது

கேள்வி: எனக்கு வயது 66, கணவருக்கு 71. கடன் இல்லாத சொந்த வீட்டில் ஓய்வூதியத்தில் வாழ்கிறோம். மூத்த குடிமக்களுக்கான குடியிருப்பு ஒன்றைப் பார்த்து வந்தோம். எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. வைப்புத்தொகை கட்டினால் போதும், மாதக் கட்டணத்தில் எல்லாம் அடக்கம் என்கிறார்கள். அந்தக் கட்டணமோ எங்கள் இப்போதைய மாதச் செலவைப்போல் இரண்டு மடங்கு. "சொந்த வீட்டை விட்டுவிட்டு அங்கே போய்ப் பணத்தைக் கொட்ட வேண்டுமா?" என்று கணவர் கேட்கிறார். யார் சொல்வது சரி?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அந்த இடம் உங்களுக்குப் பிடித்திருப்பது நல்ல செய்தி. பிடிக்காத இடத்தில் எவ்வளவு சலுகை தந்தாலும் வாழ முடியாது. ஆனால் உங்கள் கணவரின் தயக்கத்தையும் கஞ்சத்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். அவர் எழுப்பும் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் காண அவர் போடும் கணக்குதான் முழுமையாக இல்லை.

சொந்த வீட்டில் இருப்பது இலவசம் அல்ல. வீட்டு வரி, தண்ணீர், மின்சாரம், வேலைக்கு வருபவர்களின் சம்பளம், பழுதாகும் மோட்டார், ஒழுகும் கூரை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெள்ளையடிப்பு, மருத்துவரிடம் போய்வர வண்டிச் செலவு. இவை சிதறி வருவதால் மாதச் செலவாகக் கண்ணில் படுவதில்லை. கடந்த மூன்று ஆண்டுகளின் செலவை ஒரு தாளில் எழுதி 36-ஆல் வகுத்துப் பாருங்கள். அந்த இரண்டு மடங்கு வித்தியாசம் கணிசமாகக் குறையலாம்.

அதேபோல, அங்கே சொல்லப்படும் மாதக் கட்டணமும் முழுச் செலவு அல்ல. வைப்புத்தொகையை வங்கியில் போட்டிருந்தால் ஆண்டுக்கு என்ன வட்டி வந்திருக்குமோ, அதை 12-ஆல் வகுத்து மாதக் கட்டணத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் குடியிருக்க நீங்கள் தரும் உண்மையான தொகை அதுதான். திரும்பத் தருவதாகச் சொல்லும் தொகையிலும் எவ்வளவு கழிப்பார்கள், எப்போது தருவார்கள் என்று கேளுங்கள். வேறொருவர் குடிவந்த பிறகுதான் தருவோம் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். அதுவரை மாதக் கட்டணம் ஓடுமா என்பதையும் அந்த இடத்திலேயே கேட்டுவிட வேண்டும். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், 15 ஆண்டுகள் கழித்து அதே தொகை கைக்கு வரும்போது அதன் வாங்கும் சக்தி பாதிக்கும் கீழே போயிருக்கும்.

இதைவிட முக்கியமானது கட்டண உயர்வு. ஒப்பந்தத்தில் "காலத்துக்கேற்ப மாற்றியமைக்கப்படும்" என்று ஒரு வரி இருக்கலாம். பார்க்கச் சாதுவான வரிதான், ஆனால் அதில் உச்சவரம்பு இல்லை. இன்றைய கட்டணம் 100 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8 சதவீதம் உயர்ந்தால் 10 ஆண்டுகளில் 216, 15 ஆண்டுகளில் 317 ஆகிவிடும். ஆண்டுக்கு 4 சதவீதம் மட்டும் உயரும் வருமானம் 100-இல் தொடங்கினால், அதே 15 ஆண்டுகளில் 180-ஐத்தான் தொடும். இந்த இடைவெளியை எந்தச் சேமிப்பிலிருந்து நிரப்பப்போகிறீர்கள் என்று இப்போதே தெரிந்தாக வேண்டும். உயர்வு விகிதத்தால் 72-ஐ வகுத்தால், எத்தனை ஆண்டில் கட்டணம் இரட்டிப்பாகும் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். 8 சதவீதம் என்றால் 9 ஆண்டுகள்.

அலுவலகத்தில் இருப்பவர்களைவிட அங்கே சில ஆண்டுகளாகக் குடியிருப்பவர்களிடம் பேசுவது பயன்தரும். "நீங்கள் வந்தபோது எவ்வளவு கட்டினீர்கள், இப்போது எவ்வளவு கட்டுகிறீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். விளம்பரக் கையேட்டின் பக்கங்கள் எல்லாம் சேர்ந்தும் சொல்லாததை அந்த ஒரு பதில் சொல்லிவிடும்.

இனி, சொல்லக் கஷ்டமான ஒன்று. இந்தக் கணக்கை நீங்கள் இருவரும் சேர்ந்திருக்கும் வாழ்க்கைக்கு மட்டும் போட்டால் போதாது. உங்களில் ஒருவர் தனியாக இருக்கப்போகும் ஆண்டுகளுக்கும் போட வேண்டும். ஒருவர் குறைந்தால் கட்டணம் பாதியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஆகாது. வீட்டுக்கான வாடகை, பராமரிப்பு, காவல், தோட்டம், பொது இடங்களின் மின்சாரம் எல்லாம் வீட்டுக் கணக்கு. தலைக்கணக்கில் குறைவது பெரும்பாலும் சாப்பாடும் ஒருசில சேவைகளும்தான். ஓய்வூதியமோ குடும்ப ஓய்வூதியமாக மாறும்போது பெரிதாகக் குறையக்கூடும். செலவு கொஞ்சம் இறங்கி வருமானம் நிறைய இறங்கும் அந்த நாளில், துக்கத்தோடு ஒப்பந்தத்தையும் எடுத்துப் படிக்கும் நிலை உங்களில் யாருக்கும் வரக் கூடாது. ஒருவர் மட்டும் இருந்தால் என்ன கட்டணம், சிறிய வீட்டுக்கு மாறிக்கொள்ளலாமா, அப்படி மாறினால் வைப்புத்தொகையின் மீதியைத் தருவார்களா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். இருவரும் உட்கார்ந்து, "நான் மட்டும் இருந்தால்" என்று ஆளுக்கொரு தாளில் தனித்தனியாகக் கணக்கு எழுதுங்கள். மனம் கனக்கும்தான். ஆனாலும் எழுதுங்கள்.

"எல்லாம் அடக்கம்" என்பதில் எது அடங்கவில்லை என்றும் கேட்க வேண்டும். இவை தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்பவர்களுக்கான குடியிருப்புகள். குளிக்க, உடை மாற்ற, வேளைக்கு மாத்திரை எடுத்துத்தர ஆள் தேவைப்பட்டால் அது தனிச் செலவு. இரவும் பகலும் உதவியாளர் வேண்டும் என்ற நிலை வந்தால், அந்தச் சம்பளம் மாதக் கட்டணத்தையே தாண்டிவிடலாம். சில இடங்களில் பராமரிப்புப் பிரிவு தனியாக இருக்கும், அதற்குக் கட்டணமும் தனி. அது இல்லாத இடத்தில், உதவி தேவைப்படும்போது வெளியேறச் சொல்லும் உரிமையை நிர்வாகம் தன் கையில் வைத்திருக்கலாம். ஒருவரால் தனியாகச் சமாளிக்க முடியாது என்று முடிவு செய்வது யார்? நிர்வாகமா, மருத்துவரா, குடும்பமா? இதற்குத் தெளிவான பதில் இல்லாத ஒப்பந்தத்தில் நான் கையெழுத்திடச் சொல்ல மாட்டேன்.

சிறு செலவுகளும் உண்டு. சேரும்போது கட்டும் திரும்பாத் தொகை, பத்திரச் செலவு, சேவைகள் மீதான வரி, பிள்ளைகள் வந்தால் விருந்தினர் அறை, ஒரு மாதம் வெளியூரில் இருந்தாலும் குறையாத சாப்பாட்டுக் கட்டணம். ஒரே மூச்சில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மொத்த வீடுகளில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்றும் விசாரியுங்கள். பாதி காலியாக இருந்தால், பொதுச் செலவு இருப்பவர்கள் தலையில்தான் விழும்.

உங்கள் கேள்விக்கு நேரடியாகவே சொல்கிறேன். ஒருவர் மட்டும் இருக்கும் நிலையில், கட்டணம் 8 சதவீதம் உயர்ந்தாலும் 15 ஆண்டுகள் தாங்கும் என்று உங்கள் தாள் காட்டினால், தாராளமாகப் போங்கள். தனிமையும் வீட்டு வேலையின் சுமையும் குறைவதற்கு விலை உண்டு, அதைத் தருவதில் தவறில்லை. தாங்காது என்றால், சிறிய வீடு அல்லது வைப்புத்தொகை இல்லாத மாத வாடகை முறை கிடைக்குமா என்று பாருங்கள்.

எப்படி முடிவெடுத்தாலும் இப்போதைக்கு வீட்டை விற்காதீர்கள். பல குடியிருப்புகளில் சில நாட்களோ சில வாரங்களோ தங்கிப் பார்க்க விடுகிறார்கள். முதலில் அப்படித் தங்குங்கள். சேர்ந்த பிறகும் ஓராண்டுக்கு உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டு வையுங்கள், திரும்பி வர ஒரு வழி இருக்கும். "சலுகை இந்த மாத இறுதிவரைதான்" என்று யாராவது அவசரப்படுத்தினால், ஒப்பந்தத்தின் நகலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். குடியிருப்போடு தொடர்பில்லாத ஒரு வழக்கறிஞர் அதைப் படித்துச் சொல்லும்வரை ஒரு காசும் முன்பணம் கட்ட வேண்டாம்.