கீபோர்டில் தேன், லேப்டாப்பில் கரகர: ரெகார்டிங் கேள்வி பதில்

கரோல் சீசன் நெருங்கினால் குமரி மாவட்டத்துச் சர்ச் கொயர்க்காரர்கள் எல்லோருக்கும் ஒரே புகார்தான். வாசிக்கிற கீபோர்டில் நன்றாகக் கேட்கிறது, லேப்டாப்பில் ஏற்றினால் சவுண்ட் கிழிகிறது. மார்த்தாண்டம் பக்கம் சவுண்ட் வேலை பார்ப்பவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளையும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

களியக்காவிளை: அண்ணே, கீபோர்டின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து லேப்டாப்பின் மைக் ஓட்டைக்கு வயர் போட்டிருக்கேன். மெதுவா வாசிச்சா பரவாயில்லை, மூணு நாலு கட்டையைச் சேர்த்து கார்டா அழுத்திப் பிடிச்சா கரகரன்னு வருது. கீபோர்டு போச்சா?

கீபோர்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது மக்கா. சந்தேகம் என்றால் அதே ஓட்டையில் ஹெட்போனை மாட்டி அதே கார்டை அழுத்திக் கேளுங்கள். அங்கேயே பொரிந்தால் கீபோர்டுக்குள் இரண்டு மூன்று வாய்ஸை அடுக்கி ஈக்யூவையும் (பேஸ், ட்ரெபிள் கூட்டிக் குறைப்பது) ஏற்றி வைத்திருப்பீர்கள், அதைக் குறையுங்கள். அங்கே சுத்தமாக இருந்தால் தகராறு மைக் ஓட்டையில். மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான், அந்த ஓட்டை அதற்காகச் செய்தது. ஹெட்போன் ஓட்டையோ வால்யூமைக் கூட்டினால் ஒரு வோல்ட் வரைக்கும் தள்ளும். போதாததற்கு விண்டோஸில் மைக் பூஸ்ட் என்று ஒன்று 20, 30 டெசிபலில் நின்றுகொண்டிருக்கும், 20 டெசிபல் என்றாலே வோல்டேஜ் பத்து மடங்கு. அதை முதலில் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள், அப்புறம் கீபோர்டு வால்யூமைக் கால்வாசிக்கு இறக்குங்கள்.

சாஃப்ட்வேரில் ரெகார்டிங் லெவலை மட்டும் இறக்கிவிட்டு "குறைச்சும் கிழியுதே" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முன்னாலேயே கிழிந்ததை அது சின்னதாக்கும், அவ்வளவுதான். ஆடாசிட்டி என்ற இலவச ரெகார்டிங் சாஃப்ட்வேரில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அலையின் தலை கத்தியால் சீவின மாதிரி தட்டையாக இருக்கும். அந்தத் தட்டை உச்சிக் கோட்டில் இல்லாமல் பாதி உயரத்திலேயே நின்றால், வெட்டு சாஃப்ட்வேருக்கு வருவதற்கு முன்னாலேயே விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

குழித்துறை: என் லேப்டாப்பில் ஒரே ஓட்டைதான் இருக்கு. வயர் மாட்டினா சத்தமே ஏறலை.

அது மைக்கும் ஹெட்போனும் சேர்ந்த நாலு கட்டு பின்னுக்கான ஓட்டை. சாதாரண மூணு கட்டு பின்னை மாட்டினால் ஹெட்போன் என்றே நினைத்துக்கொள்ளும். நூறு இருநூறு ரூபாய் யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்காதீர்கள், பெரும்பாலும் அதிலும் மோனோ மைக் ஓட்டைதான். லைன் இன், அதாவது கீபோர்டு மாதிரி கருவிகளின் பலமான சிக்னலுக்கான ஓட்டை, உள்ளது வேண்டும். பெரிங்கர் யூசிஏ222 மாதிரி சின்னப் பெட்டியே போதும், சிவப்பு வெள்ளை ஆர்சிஏ ஓட்டை இருக்கும். வீட்டில் பழைய டெஸ்க்டாப் கிடந்தால் பின்பக்கத்து நீல ஓட்டையே லைன் இன், காசே வேண்டாம்.

பாறசாலை: சேட்டா, ரெண்டு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ் (யூஎஸ்பி ரெகார்டிங் பெட்டி) வாங்கியாச்சு. ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஸ்டீரியோ கேபிளை இன்புட் 1-ல போட்டா சத்தம் ஒல்லியா வருது, பேஸைக் காணோம்.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இது கிழிசல் இல்லை, வேறு கூத்து. அந்த இன்புட் பேலன்ஸ்டு வகை. பின்னின் நுனியில் வருவதையும் நடு வளையத்தில் வருவதையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிச்சத்தை மட்டும் உள்ளே எடுக்கும். கேபிளில் ஏறும் இரைச்சலை ஒழிக்கும் வழி அது. உங்கள் பின்னில் நுனி இடது, வளையம் வலது. இரண்டிலும் சமமாக வரும் பேஸும் கிக் டிரம்மும் கழிந்து காணாமல் போகும், ஓரத்து ரிவெர்ப் (எதிரொலி) மட்டும் மிஞ்சும்.

ஒரு முனையில் ஸ்டீரியோ பின், மறு முனையில் இரண்டு மோனோ பின் உள்ள ஒய் கேபிள் வாங்குங்கள், நாகர்கோவிலிலோ திருவனந்தபுரம் சாலை பஜாரிலோ எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டுப்பாருங்கள். இடது இன்புட் 1-க்கு, வலது 2-க்கு. இன்ஸ்ட் என்ற பட்டனை அணைத்து வையுங்கள், அது கிடாருக்கு.

செங்கோட்டை: மீட்டர் எவ்வளவு வரை போகலாம்?

பாட்டிலேயே பலமான இடத்தை, முழுக் கையும் வைத்து வாசித்து, மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கும்படி கெயினை (இன்புட் குமிழை) வையுங்கள். மேடையில் வாசிக்கும்போது கை தானாகவே கனக்கும், அதற்கு இடம் வேண்டும். பூஜ்யத்தைத் தொட்டால் முடிந்தது. ரெகார்டிங் செட்டிங்கில் 24 பிட் என்று வைத்து எடுத்தால் லெவல் கம்மியாக இருக்கிறதே என்று கவலையே வேண்டாம், பிறகு கூட்டிக்கொள்ளலாம். கரகர இல்லாமல் இடையிடையே டிக் டிக் என்று வந்தால் அது லெவல் சமாச்சாரம் இல்லை, சாஃப்ட்வேரில் பஃபரை (சத்தத்தைக் கொஞ்சம் சேர்த்து வைக்கும் இடம்) 512 ஆக்குங்கள், விண்டோஸிலும் சாஃப்ட்வேரிலும் ஒரே சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை தடவை சத்தத்தை அளக்கிறது) இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கம்பம்: பியானோ நோட் தேயும்போது பாதியில் முழுங்குதே?

நாய்ஸ் சப்ரெஷன், சின்னச் சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். மீட்டிங்கில் பேசுவதற்காக வைத்தது. விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட் எல்லாவற்றையும் அணையுங்கள்.

பாலக்காடு: சார்ஜர் மாட்டினா 'ம்ம்ம்' என்று ஹம் வருகிறது.

எர்த் இரண்டு வழியாகச் சுற்றுகிறது. சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ரெகார்ட் செய்யுங்கள், பெரும்பாலும் அதோடு ஓய்ந்துவிடும். ஓயவில்லை என்றால் ஆடியோ வயரின் நடுவில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம். எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்லும் ஆள் யாராவது இருந்தால் அவரைப் பக்கத்திலேயே விடாதீர்கள்.

புனலூர்: யூஎஸ்பி வயர் ஒன்றே போதாதா?

மாடலைப் பொறுத்தது. யமஹா பிஎஸ்ஆர் இ463, இ473 மாதிரி சிலவற்றில் பிரின்டருக்குப் போடுகிற மாதிரி யூஎஸ்பி வயர் வழியாகச் சத்தமே டிஜிட்டலாக ஏறும். மைக் ஓட்டை, ஹம் என்று எந்த வம்பும் இல்லை. காசியோ சிடி-எக்ஸ்700 மாதிரியானவற்றில் அந்த வயரில் போவது மிடி மட்டும், எந்தக் கட்டையை எவ்வளவு வேகமாக அமுக்கினீர்கள் என்ற தகவல்தான், சத்தம் இல்லை.

களியக்காவிளை: அண்ணே, ஏற்கெனவே கிழிஞ்சு போன நாலு பாட்டு இருக்கே?

ஆடாசிட்டியில் கிளிப் ஃபிக்ஸ் இருக்கிறது, அங்கங்கே சீவின தலையை ஓரளவு வரைந்து கொடுக்கும். பாட்டு முழுக்கக் கிழிந்திருந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். கொயர் குரல் தனி டிராக்கில்தானே இருக்கும்? அதை ஹெட்போனில் ஓடவிட்டு, கீபோர்டை மட்டும் திரும்ப வாசித்து ஏற்றுங்கள்.