பின்விளையில் ஒரு கல்யாணம்

வணக்கம் சார்,

பெங்களூரில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் பூதப்பாண்டிப் பக்கம் ஒரு சின்ன கிராமம். வருகிற மாசியில் எனக்குக் கல்யாணம். அப்பா நாகர்கோவிலில் மண்டபம் பார்க்கக் கிளம்பியபோது, ஆச்சி வீட்டுப் பின்விளையிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று சொன்னேன். மாப்பிள்ளைக்கும் அதே விருப்பம். விளை என்றால் முப்பது சென்ட் தோட்டம், தென்னைகள், ஒரு மாமரம், கிணறு. புரோகிதர் வேண்டாம், ஆச்சி தாலி எடுத்துக்கொடுத்தால் போதும் என்பது எங்கள் எண்ணம். அம்மா “ஊர் சிரிக்கும்” என்கிறாள். அப்பா செலவு பாதியாகும் என்று கணக்குப் போடுகிறார். அண்ணன் ஒரு ஈவென்ட் கம்பெனிக்காரரைக் கூட்டி வந்து படம் காட்டினான். அந்தப் படங்களைப் பார்த்து எனக்கே பயம் வந்துவிட்டது. பதற்றமில்லாத கல்யாணம் வேண்டும் என்றுதான் இதை ஆரம்பித்தேன், இப்போது தினமும் போனில் சண்டை. இது நடக்கிற காரியமா? மண்டபத்தில் நடக்காத கல்யாணத்தைப் பதிவு செய்ய முடியுமா?

ச., பெங்களூரு

அன்புள்ள ச.,

தாராளமாக நடக்கும். உங்கள் ஆச்சியின் கல்யாணம் எங்கே நடந்தது என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். ஏதோ ஒரு வீட்டு முற்றத்தில் ஓலைப்பந்தல் போட்டுத்தான் நடந்திருக்கும். அகநானூறு 86ஆம் பாட்டில் ஒரு கல்யாணம் வருகிறது. வரிசையாகக் கால் நட்ட பெரிய பந்தல், அதன் கீழே கொண்டுவந்து பரப்பிய மணல், விளக்கு, மாலை, உழுந்து சேர்த்து ஆக்கிய சோறு, விடியற்கால நல்ல நேரம். ஏற்பாடு இவ்வளவுதான். உங்கள் அண்ணன் கூட்டி வந்தவர் காட்டிய பட்டியல் இதைவிட நீளமாக இருந்திருக்கும்.

உங்கள் பயத்துக்குக் காரணம் விளை இல்லை, அந்தப் படங்கள்தான். தோட்டத்துக் கல்யாணம் என்று இப்போது விற்கப்படுவது தோட்டத்துக்குள் கொண்டுவந்து இறக்கிய மண்டபம். மேடை, சோபா, செயற்கைப் பூ வளைவு, தரைக்குப் பச்சை விரிப்பு (நிஜப் புல்லின் மேலேயே விரிக்கிறார்கள்), ட்ரோன். மண்டபத்துக்கு வாடகை கொடுக்கும்போது நாம் உண்மையில் வாங்குவது இதையெல்லாம் இல்லை. கழிப்பறை, தண்ணீர், கரண்ட், பாத்திரம், கூட்டிப் பெருக்க ஆள், வண்டி நிறுத்த இடம். கண்ணில் படாத இந்த ஆறும் வீட்டில் நாமாக ஏற்பாடு செய்ய வேண்டியவை. அதைச் செய்துவிட்டு மற்றதை விட்டுவிட்டால் உங்களுக்குப் பதற்றம் இருக்காது. மற்றதை வாங்கிவிட்டு இதை மறந்தவர்கள்தான் தாலி கட்டுகிற நேரத்தில் தண்ணி லாரிக்குப் போன் பண்ணிக்கொண்டு நிற்பார்கள். அப்பாவிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். செலவு குறையலாம், ஆனால் பாதியாகாது.

முதலில் எண்ணிக்கை. எத்தனை பேரைக் கூப்பிடுவது என்று வீட்டில் பேச ஆரம்பித்தால் தை முடிந்தாலும் பேச்சு முடியாது. விளையை அளந்துவிடுங்கள். ஒரு ஆளுக்கு இலை போட இரண்டடி வேண்டும். 25 பேர் ஒரு வரிசை என்றால் 50 அடி. இலை, உட்கார இடம், பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு குனிந்து நிமிர்ந்து போக நாலடி எல்லாம் சேர்த்து ஒரு வரிசைக்கு எட்டடி அகலம். நாலு வரிசைக்கு 32 அடி. ஆக, 50க்கு 32 அடி நிழல் இருந்தால் ஒரு பந்திக்கு நூறு பேர். ஒரு பந்தி எழுந்து, இலை எடுத்து, அடுத்தது உட்கார முக்கால் மணி நேரம். இரண்டு பந்தியில் 200 பேர் சாப்பிட்டுவிடுவார்கள். மூன்றாவது பந்தி என்று ஒன்று வந்தால்தான் பசித்தவர்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார்கள், பாயசம் தீரும், மாமாக்களுக்குக் கோபம் வரும். எனவே 200. இந்த எண்ணைச் சொன்னது நீங்கள் இல்லை, விளை. அப்பாவிடம் அப்படியே சொல்லுங்கள்.

200 பேருக்குள் உங்கள் தெரு முழுக்க வர வேண்டும். அதில் கை வைக்காதீர்கள். பெங்களூர் நண்பர்களைக் குறைக்கலாம், அப்பாவின் பழைய அலுவலகத்தைக் குறைக்கலாம், தெருவில் ஒரு வீட்டைக்கூட விடக் கூடாது. முறை என்பதால் மட்டும் சொல்லவில்லை. அன்றைக்கு உங்களுக்குக் கூடுதல் கழிப்பறை, வண்டி நிறுத்த அறுப்பு முடிந்த வயல், நாற்காலி, நாலு குடம் தண்ணீர் எல்லாம் கொடுக்கப்போவது அவர்கள்தான். ஆச்சியின் மாடுகள் தவில் சத்தத்துக்கு மிரளும், அவற்றை இரண்டு நாள் கட்டிவைக்கப்போவதும் பக்கத்து வீட்டுத் தொழுவத்தில்தான்.

அம்மாவின் “ஊர் சிரிக்கும்” பற்றி. 2020இல் கொரோனாவின்போது கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று அரசாங்கமே சொன்னது. எத்தனையோ பெரிய வீட்டுக் கல்யாணங்கள் அந்த 50 பேரோடு முடிந்தன, எந்த ஊரும் சிரிக்கவில்லை. ஆனால் இந்த நியாயத்தை அம்மாவிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை. அவளுக்குப் பயம், கூப்பிடாமல் விட்டவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான். கூப்பிட முடியாதவர்களின் வீட்டுக்குக் கல்யாணத்துக்கு முன்பே அம்மாவும் அப்பாவும் நேரில் போய், “வீட்டோடு சின்னதாகச் செய்கிறோம், மறுவீடு முடிந்ததும் பிள்ளைகள் வந்து உங்களைப் பார்ப்பார்கள்” என்று சொல்லிவிட்டு வரட்டும். பிறகு நீங்கள் நிஜமாகவே போக வேண்டும். இதற்கு உங்கள் லீவில் மூன்று நாளாவது போகும். மாலையில் தனியாக ஒரு ரிசப்ஷன் வைத்துக் கணக்கைத் தீர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது இரண்டாவது கல்யாணம்.

மாசி நல்ல தேர்வு. நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி, ஆடி, ஆவணியில் சாரலோடு ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றும் சேர்ந்தால் பந்தல் துணி கையில் நிற்காது. ஐப்பசி, கார்த்திகையைச் சொல்லவே வேண்டாம். மாசியில் மழைக்கு வாய்ப்புக் குறைவு, இருந்தாலும் இரண்டு பெரிய தார்ப்பாய் வாங்கித் திண்ணையில் போட்டு வையுங்கள்.

இப்போது தென்னை. வெளியூர் அலங்காரக்காரர் யாரும் இதை உங்களுக்குச் சொல்ல மாட்டார். பந்தல் போடுவதற்கு முந்தைய வாரம் மரமேறுகிறவரை வரச்சொல்லி, விளைந்த தேங்காயை மட்டும் இல்லை, பந்தலுக்கு மேலே சாய்ந்திருக்கும் மரங்களில் இளநீர், கருக்கு, காய்ந்த மட்டை, கொதும்பு, பன்னாடை வரை எல்லாவற்றையும் இறக்கச் சொல்லுங்கள். “இதை அடுத்த வெட்டுக்கு விடலாம்” என்பார். விடாதீர்கள். பந்தல் துணி ஒரு தேங்காயைத் தாங்காது. இறக்கிய இளநீரை வருகிறவர்களுக்குக் கொடுக்கலாம், தேங்காய் சமையலுக்கு ஆகும், மட்டையும் கொதும்பும் அடுப்புக்கு. மாமரத்தில் முசுறு, அதாவது கடிக்கிற சிவப்பு எறும்பு, இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பட்டுப்புடவைக்குள் ஒரு முசுறு போனால் மந்திரம் இல்லாத கல்யாணத்திலும் சத்தம் கேட்கும்.

பந்தலுக்குத் தகரம் வேண்டாம், பதினொரு மணிக்கு மேல் உள்ளே வேகும். முடைந்த ஓலை கிடைத்தால் ஓலை, இல்லாவிட்டால் வெள்ளைத் துணி. தரையில் நல்ல மணல் ஒரு லோடு இறக்கி, மேடுபள்ளம் மூடும்படிப் பரப்பினால் போதும். சிந்திய தண்ணீர் கீழே போய்விடும், வழுக்காது. சக்கர நாற்காலியில் வருகிறவர் இருந்தால் வாசலிலிருந்து மணவறை வரை பலகை போடுங்கள், மணலில் சக்கரம் உருளாது.

மேடை கட்ட வேண்டாம். அரையடி உயரத்தில் ஒரு மணவறை, மூன்று பக்கமும் ஆட்கள். மேடை வந்தால் அதில் ஏற வரிசை வரும், வரிசை வந்தால் இரண்டு மணி நேரம் நீங்கள் நின்றபடி சிரிக்க வேண்டும். அதற்குப் பதிலாக முதல் பந்தி உட்கார்ந்ததும் நீங்கள் இருவரும் இலைகளுக்கு நடுவே நடந்து போய் ஒவ்வொருவரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். சாப்பிடுகிறவர்கள் வாயில் சோறு இருப்பதால் சுருக்கமாகத்தான் பேசுவார்கள். இரண்டாம் பந்தியில் நீங்களும் உட்கார்ந்துவிடலாம். சுருள் (மொய்) வைக்க வருகிறவர்களுக்கு வாசலில் ஒரு மேசை, ஒரு நோட்டு, நம்பிக்கையான ஒரு சித்தப்பா.

நேரம்: விடியற்கால முகூர்த்தம் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆகாது. ஒரு வீட்டுக் குளியலறையில் அத்தனை பெண்களும் மூன்று மணிக்குக் குளித்து முடிக்க வேண்டியிருக்கும். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் ஒரு நேரம் பாருங்கள். மைக் வேண்டாம். நாதஸ்வரமும் தவிலும் முப்பது சென்ட் விளைக்கு மைக் இல்லாமலே தாராளம். முந்தின இரவு அண்ணன் ஸ்பீக்கர் வைப்பான் என்றால், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் வருட ஒலி மாசு விதிகள் சொல்வதை ஞாபகப்படுத்துங்கள். தெருவில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் இருப்பார்கள், மாசி அப்படிப்பட்ட மாதம்.

சாப்பாட்டைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, புகை பந்தலுக்கு வராத பக்கம், ஓலையிலிருந்து நன்றாகத் தள்ளி ஆக்குப்புரை (சமையல் கொட்டகை) போடுங்கள். நல்ல தவசிப்பிள்ளை (சமையல்காரர்) ஒருவரை இப்போதே பேசி, முன்பணம் கொடுத்துவிடுங்கள், மாசி முகூர்த்தங்களுக்கு அவர்களுக்குக் கிராக்கி அதிகம். பருப்பு, பப்படம், அவியல், எரிசேரி, ஒரு துவட்டல், இஞ்சிப் பச்சடி, சாம்பார், புளிசேரி, ரசம், மோர், அடைப்பிரதமன், இலை ஓரத்தில் மட்டிப்பழம். இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். கோபி மஞ்சூரியன் கேட்கிறவருக்கு நாகர்கோவிலில் ஓட்டல்கள் இருக்கின்றன. 200 பேருக்கு அரிசி 25 கிலோ வரை வரும், மீதியைச் சமையல்காரர் சொல்வார். அவர் சொல்கிற எண்ணிக்கைக்கு மேல் இருபது இலை கூடுதலாக வாங்குங்கள், கிழிந்தது எப்படியும் இருக்கும். முந்தின நாள் ராத்திரி காய் வெட்டத் தெருப் பெண்களும் ஆண்களும் வருவார்கள். அருவாமணை, பலகை, வெற்றிலை, சுக்குக் காப்பி தயாராக இருக்கட்டும். அவியலுக்குக் காய் ஒரே நீளத்தில் வர வேண்டும் என்று ஒரு மைனி எல்லோரையும் விரட்டுவாள். அன்று இரவு நீங்களும் அங்கே உட்காருங்கள். மருதாணியைச் சாயங்காலமே முடித்துவிட்டால் உட்காரலாம்.

கழிப்பறை விஷயத்தில் கூச்சப்படாதீர்கள். செப்டிக் டேங்கைப் பத்து நாள் முன்பே காலி செய்துவிடுங்கள். ஆச்சி வீட்டில் இருப்பது வயதானவர்களுக்கு மட்டும். பக்கத்து இரண்டு வீட்டில் கேட்டு வாங்குங்கள், போதாவிட்டால் வாடகைக்கு நடமாடும் கழிப்பறை எடுங்கள். கை கழுவ பந்தலின் ஒரு ஓரத்தில் பத்து குழாய் வைத்து, அந்தத் தண்ணீர் ஒரு வாய்க்காலாக வாழைமூட்டுக்குப் போகட்டும். கிணற்று மோட்டார் அன்றைக்கென்று பழுதாகும், ஆயிரம் லிட்டர் தொட்டி இரண்டை முந்தின நாளே நிரப்பிவிடுங்கள். விளக்கையும் மோட்டாரையும் வீட்டு லைனிலிருந்து இழுக்காமல் மின்வாரியத்தில் தற்காலிக இணைப்புக்கு எழுதிக் கொடுங்கள்.

கடைசியில் ஆள். அப்பா, அம்மா, அண்ணன் மூவரிடமும் அன்று எந்தச் சாவியும் பணப்பையும் இருக்கக் கூடாது. ஊரில் எல்லோரும் பேச்சுக் கேட்கிற, கொஞ்சம் சிடுசிடுப்பான ஒரு மாமா இருப்பார். அவரிடம் எல்லாவற்றையும் கொடுத்து, யார் எது கேட்டாலும் மாமாவைப் பார் என்று சொல்லிவிடுங்கள். தோவாளையிலிருந்து பூ வந்ததா என்பதுகூட உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. மாமாவுக்கு இரண்டு வாலிபப் பிள்ளைகளைத் துணைக்கு விடுங்கள், அவர் எரிந்து விழ ஆள் வேண்டும்.

பதிவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். சட்டத்துக்கு மண்டபமும் தேவையில்லை, புரோகிதரும் தேவையில்லை. அண்ணாதுரை முதலமைச்சராக இருந்தபோது 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். இருவரும் இந்துக்கள் என்றால் உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ அது செல்லுபடியாகும் கல்யாணம். ஆச்சி தாலி எடுத்துக்கொடுப்பது தாராளமாகச் செல்லும். 2009ஆம் வருடச் சட்டப்படி பதிவு கட்டாயம். கல்யாணம் முடிந்து 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். மண்டப ரசீது உங்களிடம் இருக்காது என்பதால், எல்லாம் வாட்ஸப்பில் அனுப்பிவிடலாம் என்று நினைக்காமல் ஒரு ஐம்பது பத்திரிகையாவது அச்சடியுங்கள். அதில் ஆச்சி வீட்டு முகவரி முழுசாக இருக்கட்டும். வயது, முகவரிச் சான்றுகள், படங்கள், சாட்சிகளோடு பெங்களூர் கிளம்பும் முன்பே போய் முடித்துவிடுங்கள். சாட்சிக் கையெழுத்துக்கு அந்த மாமாவையே கூட்டிப் போகலாம், ஆதார் அட்டையை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள்.