தூதுவளை இருக்கட்டும், மாசம் ஒரு ப்ளூ பம்ப் தீருதே?

பையனோட ஆஸ்துமாவுக்கு குடுக்கலாமான்னு மஞ்சள், தூதுவளை, ஆடாதோடை, கருஞ்சீரகம், வெங்காயச் சாறுன்னு ஒவ்வொண்ணா கேட்டிருக்கீங்க. ஆனா எனக்கு பகீர்னு ஆனது கடைசியில நீங்க போற போக்குல எழுதின வரிய படிச்சப்போதான். "ப்ரௌன் பம்ப்ல ஸ்டீராய்டுன்னு வீடியோல பாத்தேன், நாலு மாசமா நிறுத்திட்டேன், ப்ளூ மட்டும் மாசம் ஒண்ணு வாங்கறோம், ராத்திரில எழுந்து உக்காந்துக்கறான்." 12 வயசு பையன். ப்ளூன்னா மூச்சு முட்டும்போது உடனே இழுக்கற இன்ஹேலர், ப்ரௌன்னா மூச்சுக்குழாய் வீக்கத்த ஆத்த தினமும் இழுக்கற தடுப்பு இன்ஹேலர். முதல்ல இதுக்கு பதில் சொல்லிடறேன், இலை தழையெல்லாம் அப்புறம்.

ஒரு ப்ளூ பம்ப்ல 200 பஃப், அதாவது 200 தடவை அழுத்தற அளவு மருந்து இருக்கும். மாசத்துல அது தீருதுன்னா தினமும் ஆறு ஏழு பஃப் எடுக்கறான்னு அர்த்தம். ஆஸ்துமா கட்டுக்குள்ள இருக்கற பிள்ளைக்கு வாரத்துல ரெண்டு நாளைக்கு மேல அது தேவைப்படவே கூடாது, ராத்திரி மூச்சு முட்டி எழவும் கூடாது. ஆஸ்துமால ரெண்டு விஷயம் நடக்குது, மூச்சுக்குழாய சுத்தி இருக்கற தசை இறுகுது, உள்சுவர் வீங்கி சளி கட்டுது. ப்ளூ பம்ப்ல இருக்கற சால்பியூட்டமால் அந்த தசைய மட்டும் தளர்த்தும், அஞ்சு நிமிஷத்துல மூச்சு வந்துடும், எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைப்பீங்க, ஆனா வீக்கம் உள்ள அப்படியே இருந்து கூடிக்கிட்டே போகும். பிரிட்டன்ல ஆஸ்துமால இறந்தவங்க கேஸ்களை ஒவ்வொண்ணா ஆராய்ஞ்சு 2014ல ஒரு அறிக்கை விட்டாங்க, பலபேர் ப்ளூ பம்ப அளவுக்கு மீறி எடுத்திருக்காங்க, தடுப்பு மருந்த சரியா எடுக்கல. 12 வயசுலேர்ந்து யாருக்கும் ப்ளூ பம்ப மட்டும் வச்சு ஓட்டக்கூடாதுன்னு உலக ஆஸ்துமா வழிகாட்டுதலே 2019ல மாறிடுச்சு.

ஸ்டீராய்டுங்கற வார்த்தைக்கு பயப்படறீங்க, புரியுது. ஆனா ப்ரௌன் பம்ப்ல ஒரு பஃப்புக்கு பெரும்பாலும் 100, 200 மைக்ரோகிராம்தான், அதுவும் நேரா நுரையீரலுக்கு போகுது. பம்ப நிறுத்தி வீசிங் முத்திப்போய் ஆஸ்பத்திரிக்கு போனா குடுக்கற ஸ்டீராய்டு மாத்திரை 5 மில்லிகிராம் ஒண்ணுலயே 5000 மைக்ரோகிராம் இருக்கு, அது உடம்பு முழுக்க பரவும். உயரம்? வருஷக்கணக்கா எடுத்தா சுமார் ஒரு சென்டிமீட்டர் குறையலாம், மறைக்கல. ராத்திரி தூக்கமில்லாம மூச்சுக்கு போராடற பையனோட வளர்ச்சி அதவிட பாதிக்கும். அடிமையாயிடுவானான்னு கேட்டீங்களே, மாட்டான். மூணு மாசம் நல்லா இருந்தா டோஸ டாக்டரே படிப்படியா குறைப்பாங்க.

இப்ப செடிகொடிக்கு வரேன். செடில மருந்தே இல்லைன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆடாதோடைல இருக்கற வாசிசினை வச்சுத்தான் ப்ரோம்ஹெக்சின் வந்துச்சு, இன்னைக்கு எத்தனையோ இருமல் சிரப்புல இருக்கு, ஆனா அது சளிய இளக்கும், வீக்கத்த ஆத்தாது. ஊமத்தைல இருக்கற அட்ரோபினை மாத்தி அமைச்சதுதான் நாங்க நெபுலைசர்ல போடற இப்ராட்ரோபியம். இதெல்லாம் சுத்தம் பண்ணி, அளவு பாத்து, பக்கவிளைவு பாத்து வந்த மருந்துங்க. இலைல அந்த அளவு கிடையாது, ஒரு செடிக்கும் இன்னொண்ணுக்கும் மாறும். அதனால உங்க மாமியார் சொன்ன ஊமத்தை இலை புகை மட்டும் கிட்டவே வேண்டாம், பையனுக்கு புத்தி பேதலிச்சு, ஜுரம் ஏறி, நெஞ்சு படபடன்னு அடிச்சு ஐசியூல போய் நிக்கும்.

மஞ்சள் பால் தாராளமா குடுங்க, ஆனா அரை கிராம் மஞ்சள்தூள்ல அதோட முக்கியச் சத்தான குர்குமின் சுமார் 15 மில்லிகிராம்தான், அதுலயும் ரொம்ப கொஞ்சம்தான் ரத்தத்துல சேரும். எலிக்கு குடுத்த கணக்க வச்சு வீடியோல பேசறாங்க, எனக்கு கோவம்தான் வருது. தூதுவளை ரசம் வைங்க, நல்லா சாப்பிடட்டும், கருஞ்சீரகமும் சமையல்ல சேரட்டும், ஆனா ப்ரௌன் பம்ப் இருக்க வேண்டிய இடத்துல இதுங்கள வைக்காதீங்க. ஒண்ணு மட்டும் கவனிங்க, அவனுக்கு டெரிஃபிலின் மாதிரி மூச்சுக்குழாய விரிக்கற தியோஃபிலின் மாத்திரை ஏதாச்சும் குடுத்துட்டு இருந்தா மிளகுச் சத்து கேப்சூல் வேண்டாம், மருந்தோட அளவு ரத்தத்துல ஏறி வாந்தி, படபடப்பு, வலிப்பு வரைக்கும் போகலாம். சாப்பாட்டுல போடற மிளகுக்கு இது இல்ல. லேபிள் இல்லாத மூலிகைப் பொடி யார் குடுத்தாலும் வாங்காதீங்க, அதுல ஸ்டீராய்டு மாத்திரைய பொடிச்சு கலந்து விக்கறவங்க இருக்காங்க. வாழைப்பழம், தயிர் ஆகாதுங்கற பேச்செல்லாம் விட்டுடுங்க, சாப்பிட்டு அவனுக்கு ஒண்ணும் ஆகலன்னா குடுங்க. அதவிட முதல்ல ராத்திரி கொசுவத்திய அணைங்க, அவன் இருக்கற ரூம்ல சாம்பிராணி வேண்டாம்.

இந்த வாரமே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, அடுத்த மாசம்னு தள்ளாதீங்க. ரெண்டு பம்பையும், பம்புல மாட்டி இழுக்கற குழாயான ஸ்பேசரையும் எடுத்துட்டு போய் அவர் முன்னாடியே இழுத்துக் காட்ட சொல்லுங்க, பாதிப்பேர் தப்பாத்தான் இழுக்கறாங்க. ப்ரௌன் பம்ப் உடனே தெரியாது, சில வாரம் ஆகும், ஒண்ணும் ஆகலையேன்னு மறுபடி நிறுத்திடாதீங்க.

அதுக்குள்ள ராத்திரி முத்துச்சுன்னா ப்ளூ பம்ப ஸ்பேசர்ல ஒவ்வொரு பஃப்பா நாலுலேர்ந்து ஆறு குடுங்க. மூச்சு வாங்காம ஒரு வாக்கியம் முழுசா பேச முடியல, விலா எலும்புக்கு நடுவுல தோல் உள்ள இழுக்குது, உதடு நீலமாகுது, இல்ல பம்ப் குடுத்தும் மூணு நாலு மணி நேரம் தாங்கலன்னா, மறுபேச்சு இல்லாம 108க்கு போன் பண்ணுங்க, வண்டி வர்ற வரைக்கும் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை அதே மாதிரி குடுத்துட்டே இருங்க. பையன் சோர்ந்து போய் வீசிங் சத்தம் திடீர்னு குறைஞ்சா சரியாயிடுச்சுன்னு படுக்க வைக்காதீங்க, காத்தே உள்ள போகலன்னாலும் சத்தம் வராது. ஸ்கூல் பேக்லயும் ஒரு ப்ளூ பம்ப் போட்டு, கிளாஸ் டீச்சர்கிட்ட விஷயத்த எழுதிக் குடுத்துடுங்க.